மூடப்பட்ட ஒலிநாடாக்களும் திரை வரலாறும்: ஆலிவர் ஸ்டோனின் ‘நிக்சன்’ (1995)

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் 37ஆவது குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனைப் பற்றி ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘நிக்சன்’ திரைப்படம் குறித்த விவாதங்கள், அது உண்மையா புனைவா என்னும் வினாவைச் சுற்றியே பெரிதும் நிகழ்ந்துள்ளன. அப்படம் உருவானபோது நிக்சனின் ஏறத்தாழ 3,700 மணிநேர ஒலிநாடாக்களுள் 63 மணிநேரமே பொதுமக்கள் கேட்கத் திறந்திருந்தது. அந்த ஆவணச் சூழலில் வைத்துப் படத்தை அணுகும் இக்கட்டுரை, அதன் கற்பனைகளுள் ஆவணம் கிட்டாமையால் நேர்ந்தவற்றையும், கிட்டிய ஆவணத்தைக் கடந்து சென்றதால் நேர்ந்தவற்றையும் வேறுபடுத்திக் காண முயல்கிறது.

திறவுச் சொற்கள்: நிக்சன், ஆலிவர் ஸ்டோன், வாட்டர்கேட், ஒலிநாடா, ஆவணக்காப்பகம், வாழ்க்கை வரலாற்றுத் திரைப்படம்

படமும் எதிர்ப்பும்

நிக்சன் 1994 ஏப்ரல் 22 அன்று மறைந்தார். இருபது மாதங்கள் கழித்து, 1995 டிசம்பர் 20 அன்று, அவரைப் பற்றிய 192 நிமிடத் திரைப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. ஸ்டீபன் ரிவெல், கிறிஸ்டோபர் வில்கின்சன் ஆகியோருடன் இணைந்து ஸ்டோன் திரைக்கதையை எழுதியிருந்தார். நிக்சனாக அந்தோனி ஹாப்கின்சும் அவருடைய மனைவி பேட் நிக்சனாக ஜோன் ஆலனும் நடித்தனர். நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தபோதும் விருது எதுவும் கிட்டவில்லை. ஏறத்தாழ 4.4 கோடி டாலர் செலவில் உருவான படம் அமெரிக்காவில் 1.4 கோடி டாலருக்கும் குறைவாகவே ஈட்டியது.

படம் வெளியாகும் முன்பே எதிர்ப்பு எழுந்தது. நிக்சனின் மகள்கள், தம் பெற்றோரின் நினைவை இழிவுபடுத்தும் நோக்கமே படத்துக்கு உண்டெனக் கண்டித்து, யோர்பா லிண்டாவிலுள்ள நிக்சன் நூலகத்தின் வழியே அறிக்கை வெளியிட்டனர். படத்தை வெளியிட்டது டிஸ்னி குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம். அதனால் வால்ட் டிஸ்னியின் மகளே வருத்தம் தெரிவித்து நிக்சன் குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதினார். நிக்சனின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளில் எழுதிய ஸ்டீபன் ஆம்ப்ரோஸ், படத்திலுள்ள புனைவுகளைக் கடுமையாகச் சாடினார். இராபர்ட் பிரென்ட் டாப்ளின் 2000இல் தொகுத்த ஸ்டோன் பற்றிய கட்டுரை நூலில் அவ்விவாதம் தொடர்ந்தது. அதில் ஸ்டோனின் மறுமொழிகளும் இடம்பெற்றுள்ளன.

ஸ்டோன் தம் பக்கத்தைக் காத்துக்கொள்ளாமல் இல்லை. படத்தின் தொடக்கத்திலேயே ஓர் அறிவிப்பு திரையில் வருகிறது. பொதுவெளியில் கிடைக்கும் பல சான்றுகளையும் முழுமையுறாத வரலாற்றுப் பதிவையும் சார்ந்து படம் எடுக்கப்பட்டது என்றும், சில காட்சிகள் ஊகத்தால் அமைந்தவை என்றும் அது கூறுகிறது. எரிக் ஹாம்பர்க் பதிப்பித்த திரைக்கதை நூல், காட்சிகளுக்கு ஆதாரக் குறிப்புகளோடு அதே ஆண்டில் வெளிவந்தது. ஒரு வணிகத் திரைப்படம் அடிக்குறிப்புகளோடு அச்சேறியது அரிய நிகழ்வு. ஸ்டோனின் ‘ஜே.எஃப்.கே.’ (1991) கிளப்பிய புயலுக்குப் பின் அம்முன்னெச்சரிக்கை தேவைப்பட்டிருக்கும்.

அந்த அறிவிப்பில் வரும் ‘முழுமையுறாத வரலாற்றுப் பதிவு’ என்னும் தொடரைத் திறனாய்வாளர்கள் ஒரு சட்டப் பாதுகாப்பு வாசகமாகவே கொண்டனர். 1995இன் நிலையில் அது எழுத்துப்பிசகாத உண்மை. அப்பதிவு ஏன் முழுமையுறவில்லை, யாரால் அவ்வாறு இருந்தது என்பதை அறிந்த பின்னரே படத்தின் கற்பனைகளை எடைபோட இயலும்.

ஒலிநாடாக்களின் சட்ட வரலாறு

வெள்ளை மாளிகையில் நிக்சனின் ஒலிப்பதிவு ஏற்பாடு 1971 பிப்ரவரி 16 அன்று இயங்கத் தொடங்கியது. ஓவல் அலுவலகத்திலும் அமைச்சரவை அறையிலும் முதலில் பொருத்தப்பட்ட அவ்வேற்பாடு, பழைய நிர்வாகக் கட்டடத்திலிருந்த நிக்சனின் தனி அலுவலகத்துக்கும் சில தொலைபேசிகளுக்கும் கேம்ப் டேவிட் ஓய்வில்லத்துக்கும் விரிந்தது. ஓவல் அலுவலகக் கருவிகள் பேச்சொலி எழுந்தவுடன் தாமே இயங்குபவை. கருவிகளைக் கையாள்வதில் நிக்சனுக்கிருந்த தடுமாற்றமே இத்தகைய தானியங்கி ஏற்பாட்டுக்குக் காரணம் என்று அதைப் பொருத்த ஏற்பாடு செய்த அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்ட் கூறியுள்ளார். மிக மெல்லிய நாடாவில் மிகக் குறைந்த வேகத்தில் பதிந்ததால் ஒலித்தரம் மோசமாக அமைந்தது. கோப்பைகளின் ஓசையும் மேசையைத் தட்டும் ஓசையும் சொற்களை விழுங்கிவிடும் இடங்கள் பல. ஆகவே, இந்நாடாக்களின் எழுத்துப்படி ஒவ்வொன்றும் கேட்டவரின் முடிவையும் சுமந்தே வருகிறது.

1973 ஜூலை 16 அன்று செனட் விசாரணைக் குழுவின் முன் பட்டர்ஃபீல்ட் இவ்வேற்பாட்டை வெளிப்படுத்தியதும் அது நிறுத்தப்பட்டது. நாடாக்களுக்கான போராட்டம் ஓராண்டு நீண்டது. 1974 ஏப்ரல் 30 அன்று வெள்ளை மாளிகை தானே திருத்திய எழுத்துப்படிகளை 1,200 பக்கங்களுக்கு மேல் வெளியிட்டது. அவற்றில் அடிக்கடி வரும் ‘இழிசொல் நீக்கப்பட்டது’ என்னும் குறிப்பு, இருந்த சொற்களைவிட நிக்சனுக்கு அதிகக் கேடு விளைவித்தது. ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் நாடாக்களை ஒப்படைக்க ஆணையிட்டது. 1972 ஜூன் 23 அன்றைய உரையாடல் ஆகஸ்டு 5இல் வெளியானது. நான்கே நாள்களில் நிக்சன் பதவியிலிருந்து வெளியேறினார்.

பொதுவான வரலாற்று நூல்கள் நாடாக்களின் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுகின்றன. ஆய்வாளருக்கு இன்றியமையாத பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. 1974 செப்டம்பர் 8 அன்று குடியரசுத் தலைவர் ஃபோர்டு நிக்சனுக்கு மன்னிப்பு வழங்கினார். அன்றே மற்றோர் உடன்படிக்கையும் அறிவிக்கப்பட்டது. பொதுச் சேவைகள் நிர்வாகத்தின் தலைவர் ஆர்தர் சாம்ப்சன் நிக்சனோடு செய்துகொண்ட அவ்வுடன்படிக்கையின்படி, 1984 செப்டம்பர் 1 அல்லது நிக்சனின் இறப்பு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது நாடாக்கள் அழிக்கப்பட வேண்டும். அது நடைமுறைக்கு வந்திருந்தால் இன்று கேட்பதற்கு எதுவும் எஞ்சியிராது. நாடாளுமன்றம் அவ்வாண்டு டிசம்பரிலேயே தனிச்சட்டம் இயற்றி நாடாக்களையும் ஆவணங்களையும் அரசின் காவலில் எடுத்தது. நிக்சன் தொடுத்த வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது.

நாடாக்கள் பிழைத்தன; திறக்கப்படவில்லை. தம் வாழ்நாளின் எஞ்சிய இருபது ஆண்டுகளையும் நிக்சன் அவற்றைத் திறக்கவிடாமல் வழக்காடுவதில் செலவிட்டார். நீதிமன்றத்தில் சான்றாக ஒலித்த பன்னிரண்டரை மணிநேரப் பதிவுகள் 1980இல் பொதுமக்களுக்குக் கிட்டின. தனிச்சிறப்பு வழக்குரைஞரின் அலுவலகம் பெற்றிருந்த பதிவுகளுள் மேலும் நாற்பத்தேழரை மணிநேரம் 1991இலும், மூன்று மணிநேரம் 1993இலும் சேர்ந்தன. வரலாற்றாசிரியர் ஸ்டான்லி கட்லரும் ‘பப்ளிக் சிட்டிசன்’ அமைப்பும் 1992இல் தேசிய ஆவணக்காப்பகத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். நிக்சன் 1993 ஆகஸ்டில் இடைக்காலத் தடை பெற்றார். அவர் இறந்து இரண்டாண்டுகள் கழித்து, 1996 ஏப்ரலில்தான் உடன்பாடு எட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அதிகார முறைகேடு தொடர்பான 201 மணிநேரப் பதிவுகள் திறக்கப்பட்டன.

படம் திரைக்கு வந்தபோது வழக்கு இன்னும் முடிந்திருக்கவில்லை. மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைக்கூட எட்டாத 63 மணிநேரமே படக்குழுவினர் கேட்கக்கூடியதாக இருந்தது. அளவைவிடத் தன்மை முக்கியமானது. அந்த 63 மணிநேரத்தைத் தேர்ந்தவர்கள் வழக்குரைஞர்கள். குற்றத்தை மெய்ப்பிக்கத் தேவையான உரையாடல்களையே அவர்கள் கேட்டுப் பெற்றனர். 1995 வரை அமெரிக்கப் பொதுமக்கள் மறைபதிவில் அறிந்திருந்த நிக்சனின் குரல், குற்றவழக்கின் சான்றுக்குரல் மட்டுமே.

ஹாப்கின்சின் நிக்சன், உணவு மேசையிலும் படுக்கையறையிலும் தேர்தல் தோல்வியின் இரவிலும் அதே குரலிலேயே பேசுகிறார். ஐயமும் வசையும் பின்வாங்கலும் நிறைந்த அக்குரல், வாட்டர்கேட் மாதங்களின் நாடாக்களிலிருந்து எடுக்கப்பட்டு வாழ்க்கை முழுவதற்கும் பரப்பப்பட்டது. பின்னாளில் திறந்த நாடாக்களில் நீண்ட, சலிப்பூட்டும் நிர்வாகப் பேச்சுகளும், பதவி நியமனக் கணக்குகளும், மகள்களோடு கனிவாகப் பேசும் தொலைபேசி உரையாடல்களும் உள்ளன. அவற்றோடு, யூதர்களைப் பற்றியும் கறுப்பினத்தவரைப் பற்றியும் படம் காட்டியதைவிடக் கொடிய சொற்களும் உள்ளன. 1995இன் நிக்சன் இரு திசையிலும் குறுக்கப்பட்ட நிக்சன்.

கேட்பவராக ஒரு தலைவர்

படத்தின் கட்டமைப்பு, நிக்சன் தம் நாடாக்களைத் தாமே கேட்பதாக அமைந்தது. மழையிரவில் தலைமை அலுவலர் அலெக்சாண்டர் ஹேக் நாடாக்களைக் கொண்டுவருகிறார். லிங்கன் அறையின் இருளில் நிக்சன் ஒலிக்கருவியோடு மல்லுக்கட்டுகிறார். குரல் ஒலிக்க ஒலிக்க நினைவுகள் விரிகின்றன. கலிபோர்னியக் குவேக்கர் குடும்பத்து இளமை, உடன்பிறந்தோரின் மரணம், 1960இலும் 1962இலும் அடைந்த தேர்தல் தோல்விகள் எல்லாம் இச்சட்டகத்துக்குள்ளேயே வருகின்றன. ஆர்சன் வெல்சின் ‘சிட்டிசன் கேன்’ படத்தை நினைவூட்டும் செய்திச்சுருள் பகுதியும் உண்டு. ஒளிப்பதிவாளர் இராபர்ட் ரிச்சர்ட்சன் கறுப்பு வெள்ளையையும் வண்ணத்தையும் வெவ்வேறு வகைப் படச்சுருள்களையும் கலந்து பயன்படுத்தியதால், எது ஆவணக் காட்சி, எது படைத்த காட்சி என்று பார்வையாளர் பிரித்தறிவது கடினமாகிறது. ஆம்ப்ரோஸ் போன்றோரின் சினத்துக்கு இதற்கும் பங்குண்டு.

இச்சட்டகத்துக்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1973 ஜூன் 4 அன்று நிக்சன் நாளின் பெரும்பகுதியைத் தம் நாடாக்களைக் கேட்பதில் செலவிட்டார். ஒலிப்பதிவு அப்போதும் இயங்கிக்கொண்டிருந்ததால், நாடாவைக் கேட்ட நிக்சன் உதவியாளர்களோடு பேசியதும் நாடாவில் பதிந்தது. ஸ்டோன் இக்காட்சியை ஒலிப்பதிவு நின்றுபோன பிந்தைய காலத்துக்கு நகர்த்தி இரவாக்கினார். இதன் விளைவு சிறிதன்று. நாடாக்கள் முடியும் இடத்தில் படம் தொடங்குகிறது. எந்தப் பதிவும் எட்டாத ஓரிடத்தில், எந்த ஆவணத்தாலும் மறுக்க இயலாத ஒரு நிக்சனைப் படம் தனக்கென அமைத்துக்கொள்கிறது. திரைக்கலையாக இது வலிமையான தேர்வு. வரலாற்று நோக்கில், படத்தின் பிற்காலச் சிக்கல்கள் யாவும் இத்தேர்விலேயே கருக்கொண்டுள்ளன.

பதினெட்டரை நிமிடம்

1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் வளாகத்திலிருந்த சனநாயகக் கட்சியின் அலுவலகத்தில் ஐவர் பிடிபட்டனர். மூன்று நாள் கழித்து, ஜூன் 20 அன்று, நிக்சனும் தலைமை அலுவலர் ஹால்டிமனும் பேசிய பேச்சில் பதினெட்டரை நிமிடம் அழிந்துபோயிருந்தது. 1973 நவம்பரில் இது வெளிவந்தது. செயலர் ரோஸ் மேரி வுட்ஸ், தொலைபேசியை எடுக்கும்போது தவறுதலாக ஐந்து நிமிடம் அளவுக்கு அழித்திருக்கலாம் என்றார். நீதிமன்றம் அமர்த்திய ஆறு வல்லுநர்கள், குறைந்தது ஐந்து தனித்தனி அழிப்புகள் நிகழ்ந்துள்ளன என்று 1974இல் தெரிவித்தனர். அழித்தவர் யாரென்று இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

படம் இவ்வெற்றிடத்தைக் கியூபாவால் நிரப்புகிறது. ஐசன்ஹோவர் ஆட்சியில் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தபோது ஃபிடல் காஸ்ட்ரோவைக் கொல்லும் சதியில் நிக்சன் பங்கு கொண்டார் என்றும், அச்சதியே ஏதோ ஒரு வழியில் கென்னடியின் கொலையாக முடிந்தது என்ற அச்சம் அவரை வாட்டியது என்றும், அழிந்த நிமிடங்கள் அதனோடு தொடர்புடையவை என்றும் படம் குறிப்பால் உணர்த்துகிறது.

இக்கற்பனை முற்றிலும் வெறுமையிலிருந்து எழவில்லை. நிக்சன் துணைத் தலைவராக இருந்த 1960இல்தான் கியூபா நாடுகடந்தோரைக் கொண்டு காஸ்ட்ரோவை வீழ்த்தும் திட்டம் தொடங்கியது. காஸ்ட்ரோவைக் கொல்லும் முயற்சிகள் குறைந்தது எட்டு நிகழ்ந்தன என்பதை 1975இல் செனட்டின் சர்ச் குழு வெளிப்படுத்தியது. வாட்டர்கேட்டுக்கு ஆள் அனுப்பிய ஹோவர்டு ஹன்ட், 1961இல் நிகழ்ந்த பன்றி விரிகுடாப் படையெடுப்பில் மத்திய உளவு நிறுவனத்துக்காகப் பணியாற்றியவர். ஜூன் 23 நாடாவில் நிக்சனே, ஹன்ட்டைக் கிளறினால் பன்றி விரிகுடா விவகாரம் முழுவதும் வெளிவரும் என்னும் பொருள்படப் பேசுகிறார். அச்சொல் கென்னடி கொலைக்கான மறைசொல்லாக இருக்கலாம் என்ற ஊகத்தை ஹால்டிமன் பெயரில் 1978இல் வெளிவந்த நினைவுக் குறிப்பு நூல் முன்வைத்தது. ஸ்டோனின் திரைக்கதை அவ்வூகத்தைப் பற்றிக்கொண்டது.

எனினும் இரண்டு இடங்களில் படம், கையெட்டும் தொலைவிலிருந்த சான்றைக் கடந்து செல்கிறது. முதலாவது, ஜூன் 20 உரையாடலின்போது ஹால்டிமன் தம் கைப்பட எழுதிய குறிப்புகள். நாடா அழிந்தாலும் அக்குறிப்புகள் அழியவில்லை. தனி அலுவலகத்தில் ஒட்டுக்கேட்கும் கருவி உள்ளதா என்று சோதிக்க வேண்டும், எதிர்த்தாக்குதல் என்ன, மக்கள் தொடர்பில் முந்திக்கொள்வது எவ்வாறு என்பனவே அவற்றில் உள்ளவை. கைது நடந்த மூன்றாம் நாள், ஓர் அரசியல்வாதி தன் அணியினரோடு பேசக்கூடிய சாதாரணமான, அற்பமான பேச்சு. அக்குறிப்புகள் முழு உரையாடலையும் காட்டுகின்றன என்று கொள்ள இயலாது. ஆனால் வெற்றிடத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே சமகாலச் சான்று அதுவே. திரைக்கு அது போதுமான இருளைத் தரவில்லை.

இரண்டாவது, பெயர் மாற்றம். கியூபாச் சதியைப் படம் ‘இரண்டாம் தடம்’ என்று அழைக்கிறது. மத்திய உளவு நிறுவனத்தின் ஆவணங்களில் அப்பெயர் சிலிக்கு உரியது. சால்வடார் அயெந்தே பதவியேற்பதைத் தடுக்குமாறு 1970 செப்டம்பர் 15 அன்று நிக்சன் அந்நிறுவனத்தின் இயக்குநர் ரிச்சர்ட் ஹெல்ம்சுக்கு நேரில் ஆணையிட்டார். ஹெல்ம்ஸ் அப்போது கையால் எழுதிய குறிப்பு உள்ளது. சர்ச் குழு அதை 1975இலேயே வெளியிட்டுவிட்டது. தலைவரே வாய்மொழியாக இட்ட, எழுத்தால் மெய்ப்பிக்கப்பட்ட ஒரு மறைமுக ஆணையின் பெயரை எடுத்து, எந்த எழுத்தாலும் மெய்ப்பிக்கப்படாத மற்றொன்றுக்குச் சூட்டுவது பார்வையாளரிடமிருந்து உண்மையான குற்றத்தை மறைப்பதில் சென்று முடிகிறது. ஸ்டோன் மீது வைக்கத்தக்க கடுமையான குற்றச்சாட்டு இதுவாகவே இருக்கும். நிக்சன் மது அருந்தும் காட்சிகளையும் வசைச்சொற்களையும் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால், இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

லிங்கன் நினைவிடத்தில் ஒரு விடியல்

1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படையினர் சுட்டதில் மாணவர் நால்வர் இறந்தனர். மே 9 அன்று விடியுமுன் நிக்சன் தம் பணியாளர் மனோலோ சான்செசை அழைத்துக்கொண்டு லிங்கன் நினைவிடத்துக்குச் சென்று, போராட வந்திருந்த மாணவர்களோடு பேசினார். படத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்று இது. இளம்பெண் ஒருத்தி, போரை நிறுத்த அவர் விரும்பினாலும் அமைப்பு விடாது என்பதை அவருக்கே உணர்த்திவிடுகிறாள். ஆட்சியமைப்பு அடக்கவியலாத ஒரு விலங்கு என்னும் படத்தின் மையக் கருத்து இங்கே தெளிவான வடிவம் பெறுகிறது.

1970 மே மாதத்தில் ஒலிப்பதிவு ஏற்பாடு தொடங்கப்படவில்லை. எனவே இந்நிகழ்வுக்கு நாடா இல்லை. சந்திப்புக்குச் சில நாள்களில் நிக்சன் தாமே சொல்லிப் பதிந்த நீண்ட குறிப்பும், அங்கிருந்த மாணவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னவையும் சான்றுகள். நிக்சன் கால்பந்தையும் அலைச்சறுக்கையும் பற்றிப் பேசினார், தங்கள் கவலையை அவர் தொடவில்லை என்று மாணவர்கள் குறைகூறினர். தாம் அவர்களிடம் வாழ்வின் ஆழமான பொருள்களைப் பேச முயன்றதாக நிக்சனின் குறிப்பு வலியுறுத்துகிறது. அவர் சொல்லிப் பதிந்த ஒலியே 2011இல் நிக்சன் நூலகத்தால் வெளியிடப்பட்டது. களைத்த, தன்னைப் புரியவைத்துவிட வேண்டும் என்று தவிக்கும் குரல் அதில் ஒலிக்கிறது.

இளம்பெண்ணின் உரை புனைவு. ஆயினும் கியூபாப் புனைவைப் போன்றதன்று. இங்கே படம் எந்த ஆவணத்தையும் மறைக்கவில்லை. நிகழ்ந்த ஒரு சந்திப்பில் நிகழாத ஓர் உரையாடலை வைத்து, அச்சந்திப்பின் தோல்வியை விளங்கவைக்கிறது. திரை தனக்குரிய மொழியில் கடந்த காலத்தைப் பற்றி வாதிட இயலும் என்று இராபர்ட் ரோசன்ஸ்டோன் போன்றோர் கூறுவது இவ்வகைப் புனைவுக்குப் பொருந்தும். இரண்டு வகையையும் ‘புனைவு’ என்ற ஒரே சொல்லால் சுட்டிவிடுவதே படம் குறித்த விவாதங்களின் குறை.

திறந்தபின் கேட்டவை

1996 நவம்பரில் வெளியான 201 மணிநேரத்தைக் கட்லர் அடுத்த ஆண்டே நூலாகத் தொகுத்தார். வாஷிங்டனிலுள்ள புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்து கோப்புகளை எடுத்துவருமாறு 1971 கோடையில் நிக்சன் மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது அவருடைய குரலிலேயே அதில் வெளிவந்தது. அதுவரை உதவியாளர்களின் வாக்குமூலமாக மட்டும் இருந்த செய்தி அது. நிக்சன் தேடியவை, 1968 தேர்தலுக்குச் சற்று முன் வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை ஜான்சன் நிறுத்தியது பற்றிய கோப்புகள்.

அவற்றை அவர் ஏன் அவ்வளவு வேட்கையோடு தேடினார் என்ற வினாவுக்குக் கென் ஹியூஸ் 2014இல் வெளியிட்ட நூல் விடை தருகிறது. சமாதானப் பேச்சில் கலந்துகொள்ளாதிருக்குமாறு தென் வியட்நாம் அரசுக்கு நிக்சனின் தேர்தல் குழுவினர் மறைமுகமாகச் செய்தி அனுப்பியது வெளிப்பட்டுவிடும் என்ற அச்சமே காரணம் என்பது அவர் வாதம். ஜான் ஃபாரல் 1968 அக்டோபர் 22 அன்று ஹால்டிமன் எழுதிய குறிப்புகளைக் கண்டெடுத்து, ஜான்சனின் முயற்சியைக் குலைக்க நிக்சனே பணித்ததை 2017இல் நிறுவினார். வாட்டர்கேட்டுக்குப் பின்னால் அதனினும் பழைய மறைபொருள் ஒன்று உண்டு என்னும் படத்தின் உள்ளுணர்வு, இவற்றின் ஒளியில், வியக்கத்தக்க அளவுக்குச் சரியானது. தேடிய திசைதான் தவறு. ஸ்டோன் ஹவானாவையும் டல்லசையும் நோக்கினார். ஆவணங்கள் சைகோனைச் சுட்டின.

தெற்காசிய ஆய்வாளருக்கு மற்றொரு செய்தி கவனத்துக்குரியது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த படுகொலைகளின்போது நிக்சனும் கிசிஞ்சரும் எடுத்த நிலைப்பாட்டுக்குப் படத்தில் தனிக்காட்சி ஏதும் இல்லை. சீனப் பயணத்துக்கும் பிரெஷ்னேவ் சந்திப்புக்கும் விரிவான இடம் உண்டு. இந்திரா காந்தியைப் பற்றியும் இந்தியரைப் பற்றியும் இருவரும் பேசிய இழிமொழிகள் அமெரிக்க வெளியுறவுத்துறை 2005இல் வெளியிட்ட ஆவணத் தொகுதியால்தான் பரவலாகத் தெரியவந்தன. கேரி பாஸ் 2013இல் எழுதிய நூல் அந்நாடாக்களை அடித்தளமாகக் கொண்டது. 1995இல் அவை பூட்டிய பெட்டியில் இருந்தன. ஆனால் டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் 1971 ஏப்ரலில் அனுப்பிய எதிர்ப்புத் தந்தி அவ்வாறு அறியப்படாத ஒன்றன்று. வங்காளிகளின் இறப்பு விடுபட்டதற்கு நாடாக்கள் மூடியிருந்தது மட்டுமே காரணம் என்று கூற முடியாது. நிக்சனின் மனப்புண்ணையே வரலாற்றின் மையமாக வைத்த கதையில், அவருடைய முடிவுகளால் மடிந்தோருக்குப் பொதுவாகவே இடம் குறைவு. கம்போடியரும் செய்திச்சுருள் துண்டுகளாகவே வருகின்றனர்.

நாடாக்களின் இறுதித் தொகுதி 2013 ஆகஸ்டில் வெளியானது. ஏறத்தாழ 3,000 மணிநேரம் இன்று திறந்துள்ளது. எஞ்சியவை தனியுரிமை, நாட்டுப் பாதுகாப்பு ஆகிய காரணங்களால் மூடப்பட்டுள்ளன. ஜூன் 20 நாடாவில் அழிந்த பகுதியை மீட்கத் தேசிய ஆவணக்காப்பகம் மேற்கொண்ட சோதனைகள் பயன் தராததால் 2003இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

படத்துக்கும் இத்தகைய ஒரு விடுபாடு உண்டு. மத்திய உளவு நிறுவனத்தின் தலைமையகத்துக்கு நிக்சன் சென்று ஹெல்ம்சைச் சந்திக்கும் நீண்ட காட்சி, 1995இன் திரையரங்கப் பதிப்பில் நீக்கப்பட்டு, 212 நிமிட இயக்குநர் பதிப்பில் பின்னர் சேர்க்கப்பட்டது. ஹெல்ம்சாக நடித்தவர் சாம் வாட்டர்ஸ்டன். திரையரங்கில் பார்த்தோர் எழுதிய முதற்கட்டத் திறனாய்வுகளையும், இயக்குநர் பதிப்பைப் பார்த்தோர் எழுதிய பிற்கால ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். அக்காட்சியில் நிக்சன் பழைய கோப்புகளைக் கேட்கிறார், ஹெல்ம்ஸ் நழுவுகிறார். நிக்சன் பன்றி விரிகுடாக் கோப்புகளைக் கேட்டு வற்புறுத்தியதும் ஹெல்ம்ஸ் தயங்கித் தயங்கிச் சிலவற்றைக் கொடுத்ததும் ஆவணச் சான்று உள்ளவை. மத்திய உளவு நிறுவனத்திலும் தனியாக ஓர் ஒலிப்பதிவு ஏற்பாடு இருந்தது. வாட்டர்கேட் தொடர்பான சான்றுகளை அழிக்காது காக்குமாறு செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மேன்ஸ்ஃபீல்ட் 1973 ஜனவரியில் கடிதம் எழுதினார். அம்மாதத்திலேயே, பதவியிலிருந்து விலகுவதற்குச் சில நாள்களுக்கு முன், ஹெல்ம்ஸ் அந்நாடாக்களையும் எழுத்துப்படிகளையும் அழிக்கச் செய்தார்.